சாக்குப் பையின் சுவர்கள்

லேக் கார்டன்ஸ் நிலையத்தில் நின்று செல்லும் பஜ்பஜ் வண்டியை நம்மவருள் அறியாதார் இலர். ஏரியின் தென்கரையை ஒட்டி வந்து, டாலிகஞ்சு, நியூ ஆலிப்பூர், மாஜேர்ஹாட் வழியே சென்று, சணல் ஆலைகள் புகழ்பெற்ற ஹூக்ளி நதிக்கரை ஊரில் அது தன் பயணத்தை முடிக்கிறது. அவ்வூரிலும், அங்கிருந்து வடக்கே நெடுந்தூரம் வரை நதியின் இரு கரைகளிலும் உள்ள ஆலைகளில் நெய்யப்பெறும் கோணிப் பைகள் இந்தியா முழுவதும் செல்கின்றன. தஞ்சை மாவட்டத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் உழவர் கொட்டும் நெல்லை அள்ளி நிரப்பும் சாக்கும் பெரும்பாலும் இக்கரைகளிலிருந்து போனதே. நாம் ஊரைவிட்டு இங்கே வந்தோம். இங்கிருந்து சாக்கு நம் ஊருக்குப் போகிறது!

சுமார் 580 கிராம் எடையுள்ள ஒரு பை 50 கிலோ தானியத்தைத் தாங்குகிறது. தன் எடையைப் போல் எண்பது மடங்குக்கும் மேற்பட்ட சுமையைச் சுமந்து, லாரியிலிருந்து தூக்கி எறியப்பட்டு, கொக்கியால் குத்தி இழுக்கப்பட்டும் அது கிழிவதில்லை. இந்தப் பலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், நெசவிலிருந்து வந்தது என்று சிலர் கூறக்கூடும். நெசவுக்குப் பங்கு உண்டு. ஆயினும் அது பிற்பாடு வருவது. சாக்கில் இருப்பவை யாவும், ஒரு செடியின் தண்டில் வாழ்ந்து மடிந்த உயிரணுக்கள் விட்டுச்சென்ற சுவர்களே. குடியிருந்தவர் போய்விட்டார்; வீட்டுச் சுவர் நிற்கிறது. அந்தச் சுவர் எத்தகையது, அதை யார் கட்டுகிறார்கள், யார் இடிக்கிறார்கள் என்பதை இங்கே சிறிது விரிவாக நோக்குவோம்.

1665-ஆம் ஆண்டில் இராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேயர், தம் நுண்நோக்கியின் அடியில் தக்கையின் மெல்லிய சீவல் ஒன்றை வைத்துப் பார்த்தார். தேன்கூட்டைப் போல அடுக்கடுக்காகச் சிற்றறைகள் தென்பட்டன. 'செல்' என்னும் பெயர் உயிரியலுக்குள் புகுந்தது அன்றுதான். ஆனால் அவர் கண்டது உயிருள்ள அணுவை அன்று. அது இறந்து காய்ந்தபின் எஞ்சிய சுவரை மட்டுமே. உயிரணுவைப் பற்றிய படிப்பு முழுவதும், உள்ளிருப்பவரைக் காணாமல் சுவரைக் கண்ட கதையாகத் தொடங்கியது என்று சொன்னால் மிகையாகாது.

விலங்குகளின் உயிரணுவுக்குச் சுவர் கிடையாது. நம் உடலின் அணுக்கள் மெல்லிய சவ்வு ஒன்றையே போர்த்துக்கொண்டு வாழ்கின்றன; எலும்பும் தசையும் வேறு வழியில் நமக்கு உருவம் தருகின்றன. எலும்பில்லாத தாவரமோ ஒவ்வோர் அணுவையும் சுற்றித் தனித்தனியே சுவர் எழுப்பிக்கொண்டு நிற்கிறது. ஆகையால்தான் அறுகம்புல்லும் நிற்கிறது. ஏரிக்கரையின் நெடுமரங்களும் புயலில் நிற்கின்றன.

சுவரின் முதற்பொருள் செல்லுலோஸ். சர்க்கரையின் எளிய வடிவமாகிய குளுக்கோஸ் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாகிறது. அத்தகைய சங்கிலிகள் பல நெருங்கி ஒட்டி நுண்ணிழை ஒன்றாகின்றன. அந்த இழையின் பருமன், ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் மூன்று நான்கு கூறு அளவே இருக்கும். வியப்பு என்னவெனில், நாம் உண்ணும் அரிசியின் மாவுச்சத்தும் இதே குளுக்கோஸால் ஆனதே. இரண்டிலும் மணி ஒன்றே. கோக்கும் முறைதான் வேறு. அரிசியில் மணிகள் ஒரே பக்கம் நோக்கி இணைவதால் சங்கிலி சுருண்டு, நம் வயிற்றிலுள்ள நொதிகளுக்கு இடங்கொடுக்கிறது. செல்லுலோஸில் ஒன்று விட்டு ஒன்று தலைகீழாகப் புரண்டு இணைவதால் சங்கிலி நேராக நீண்டு, அடுத்த சங்கிலியுடன் இறுகிவிடுகிறது. இதைப் பிரிக்கும் நொதி நமக்கு இல்லை. மாட்டுக்கும் சொந்தமாக இல்லை. அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதற்காக அந்த வேலையைச் செய்கின்றன. ஆக, அரிசியும் அதைச் சுமக்கும் சாக்கும் ஒரே சர்க்கரையால் ஆனவை. ஒன்று உணவாயிற்று, மற்றொன்று பையாயிற்று.

செல்லுலோஸ் இழைகள் கம்பிகள் எனின், அவற்றை ஒன்றோடொன்று பிணைக்க ஹெமிசெல்லுலோஸ் என்னும் கிளைவிட்ட சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அடுத்தடுத்த இரண்டு அணுக்களின் சுவர்களை ஒட்டவைக்கும் சாந்து, பெக்டின் என்பது. கொய்யாப்பழத்தைக் காய்ச்சினால் பாகு இறுகுவது இந்தப் பெக்டினால்தான். மரத்தன்மை பெற வேண்டிய அணுக்களில் லிக்னின் என்னும் மற்றொரு பொருளும் பிற்பாடு வந்து நிறைகிறது. அது சர்க்கரையே அன்று, வேறு இனம். கம்பிகளுக்கிடையே சிமெண்டுக் கலவையை ஊற்றினாற்போல அது இடைவெளிகளையெல்லாம் அடைத்து, நீரை வெளியேற்றி, சுவரைக் கல்லாக்குகிறது. பழைய வார இதழ்கள் பரணில் கிடந்து மஞ்சளிப்பதும், சணல் பை வெயிலில் நிறம் மாறுவதும் இந்த லிக்னினின் செயலே.

இச்சுவர் கட்டப்படும் முறையும் விந்தையானது. கொத்தனார் வெளியே நின்று கட்டுவதில்லை. வீட்டுக்குள் இருந்துகொண்டே கட்டுகிறார். அணு இளமையாக இருந்து வளரும்போது முதற்சுவர் மெல்லியதாகவும் நெகிழ்வதாகவும் இருக்கும். வளர்ச்சி நின்றதும் அதன் உட்புறத்தில் இரண்டாஞ்சுவர், பெரும்பாலும் மூன்று அடுக்காக, ஒன்றன்பின் ஒன்றாகப் படிகிறது. பூச்சு ஏற ஏற அறையின் இடம் குறைகிறது. நார் அணுவில் இது முற்றிய நிலைக்குச் சென்று, நடுவே சிறு துளை மட்டும் எஞ்சி, கட்டியவர் தாம் கட்டிய வீட்டுக்குள்ளேயே மடிந்துபோகிறார். உயிரோடிருக்கும் அணுக்களின் சுவரிலோ மிக நுண்ணிய வாயில்கள் பல உண்டு. அவற்றின் வழியே பக்கத்து அணுவோடு உணவும் செய்தியும் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. சுவர் என்றதும் ஒதுங்கி வாழ்வது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தாவரம் அப்படி நினைக்கவில்லை.

இவற்றையெல்லாம் நம் இல்லத்தரசியர் நூல்களைப் புரட்டாமலே அறிந்துவைத்திருக்கிறார்கள் என்பதுதான் நாம் குறிப்பிட விரும்புவது. லேக் மார்க்கெட்டில் காலையில் வாங்கிய கீரை மாலைக்குள் துவண்டுவிடுகிறது. நீரைத் தெளித்துவைத்தால் மீண்டும் நிமிர்கிறது. உயிரணு தன்னுள் நீரை இழுத்துக்கொண்டு சுவரை உள்ளிருந்து அழுத்துகிறது; சுவர் எதிர்த்து நிற்கிறது. அந்த அழுத்தம் மோட்டார் வண்டிச் சக்கரத்தினுள் உள்ள காற்றழுத்தத்தைவிட மிகுதியாகவும் இருக்கக்கூடும். சுவர் இல்லாவிடின் அணு வெடித்துவிடும். நீர் இல்லாவிடின் சுவர் தளர்ந்துவிடும். இரண்டின் இழுபறியே பசுமை. வாழையிலையில் எதையேனும் பொதிய வேண்டின் அதை அனலில் வாட்டுகிறோம் அல்லவா? வெம்மையால் அணுக்களின் சவ்வு சிதைந்து நீர் கசிந்துவிட, விறைப்பு நீங்கி, மடித்தாலும் கிழியாத பதத்தை இலை அடைகிறது.

இன்னொன்று. குழம்பில் காய் வேகுமுன் புளியைக் கரைத்து ஊற்றிவிட்டால் காய் வேகாது என்று பாட்டிமார் எச்சரிப்பர். காய் வேகிறது என்பது, அணுக்களுக்கு இடையிலுள்ள பெக்டின் சாந்து வெந்நீரில் கரைந்து, அணுக்கள் பிரிவதே. புளிப்பு, பெக்டினைக் கரையவொட்டாமல் காக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஆப்பச் சோடா அதை விரைந்து கரைத்துவிடும். சோடா இட்ட பருப்பு குழைவது அதனால்தான். பூசணித் துண்டுகளைச் சர்க்கரைப் பாகில் இடுமுன் சுண்ணாம்புத் தெளிநீரில் ஊறவைக்கும் வழக்கமும் உண்டு. சுண்ணாம்பிலுள்ள கால்சியம் பெக்டின் சங்கிலிகளைப் பூட்டுப் போட்டாற்போல இணைத்துவிடுவதால், துண்டு கரையாமல் மொறுமொறுப்பாக நிற்கிறது. உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த கிணற்று நீரில் துவரம்பருப்பு வேக மறுப்பதும் இவ்வகையே. அடுக்களையில் நாம் செய்வது பாதிக்குப் பாதி சுவர் வேலைதான்.

இனிச் சணலுக்கு வருவோம். வங்காளிகள் 'பாட்' என்று அழைக்கும் இச்செடியில் இரண்டு இனங்கள் பயிராகின்றன: வெள்ளைச் சணல் ஒன்று, தோஷா எனப்படுவது மற்றொன்று. நம் நாட்டுப்புறத்தில் எருவுக்காக விதைக்கும் சணப்பு இதுவன்று. பெயர் நெருக்கத்தால் மயங்குவோர் பலர். இளம் சணல் இலையை வங்காள இல்லங்களில் கீரையாகச் சமைப்பர், சற்றுக் கசக்கும். தண்டு ஆளுயரத்துக்கு மேல், நல்ல நிலத்தில் இரண்டாள் உயரமும் வளரும். நார் இருப்பது தண்டின் நடுவே அன்று. பட்டையில், மேல்தோலுக்கும் உள்மரத்துக்கும் இடையே, வலைபோலப் பின்னிக் கிடக்கிறது.

பருத்தியுடன் ஒப்பிட்டால் இதன் தனித்தன்மை புலனாகும். பருத்தியின் ஒவ்வொரு நாரும் ஒரே ஓர் உயிரணு. விதையின் தோலிலிருந்து முளைத்த உரோமம். இருபத்தைந்து, முப்பது மில்லிமீட்டர் நீளத்துக்கு ஓரணுவே நீண்டு, உலர்ந்ததும் தட்டையாகி முறுக்கிக்கொள்கிறது. நூற்பதற்கு அந்த முறுக்கு துணையாகிறது. அதில் நூற்றுக்கு 90 பங்குக்கும் மேல் செல்லுலோஸ். லிக்னின் இல்லை எனலாம். ஆகவே வேட்டி வெண்மையாகவும் மென்மையாகவும் இருக்கிறது. சணலின் தனி உயிரணுவோ இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளமே உடையது. அதைக் கொண்டு எவராலும் நூல் நூற்க இயலாது. ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, நுனியோடு நுனி ஏறி, பல அணுக்கள் லிக்னின் ஏறிய சாந்தினால் ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் அது ஆளுயர நாராக நமக்குக் கிடைக்கிறது. அதில் செல்லுலோஸ் நூற்றுக்கு 60 பங்கு அளவும், லிக்னின் 12 முதல் 14 பங்கு அளவும் இருக்கும்.

தென்னங்கயிற்றையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேங்காய் நாரில் லிக்னின் நூற்றுக்கு 40 பங்கை எட்டும், நிறம் பழுப்பு. ஆயினும் கிணற்றுக் கயிறு சற்று நீண்டு கொடுக்கிறது. சணல் கயிறு நீளாது, ஓர் எல்லைக்குமேல் பட்டென்று அறுந்துவிடும். காரணம் சுவரின் உள்ளே இழைகள் சாய்ந்திருக்கும் கோணம். சணலின் இரண்டாஞ்சுவரில் செல்லுலோஸ் இழைகள் நாரின் நீளத்துக்கு ஏறத்தாழ இணையாக, எட்டுப் பாகை அளவே சாய்ந்து ஓடுகின்றன. இழுத்தால் அவை நேரே சுமையை ஏற்கின்றன, நூற்றுக்கு இரண்டு பங்குகூட நீள்வதில்லை. தேங்காய் நாரிலோ அவை சுருள்வில்லைப் போல 45 பாகை அளவு சாய்ந்து சுற்றியிருக்கின்றன. இழுத்தால் சுருள் நெகிழ்ந்து, நூற்றுக்குப் பதினைந்துக்கும் மேல் நீள்கிறது. சரக்குகள் ஒரே கடையில் வாங்கியவை. சாய்வு மாறியது, ஒன்று சாக்குக்கும் மற்றொன்று ஏற்றக் கயிற்றுக்கும் உரியதாயிற்று.

சணலில் மனிதன் செய்யும் வேலை, இந்தச் சுவர்களுள் எதை இடிப்பது, எதை விடுவது என்பதே. ஆனி, ஆடி, ஆவணியில் வங்கத்தின் நதியா, முர்ஷிதாபாத் மாவட்டங்கள் வழியே இரயிலில் சென்றவர்கள் ஒரு நெடியை உணர்ந்திருப்பர். அது சணல் ஊறும் நெடி. விதைத்து 100 முதல் 120 நாட்களில் செடியை அறுத்து, கட்டுகளாக்கி, இலை உதிரும்வரை மூன்று நான்கு நாட்கள் வயலில் வைத்து, பின்னர்க் குளத்திலோ வாய்க்காலிலோ மிதவைபோல அடுக்கி அமிழ்த்துகின்றனர். இவ்வடுக்குக்கு 'ஜாக்' என்று பெயர். பன்னிரண்டு நாட்கள் முதல் இருபது நாட்கள் வரை அது நீரில் கிடக்கும்.

அந்நாட்களில் வேலை செய்வோர் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள். முதலில் காற்றை வேண்டுபவை வருகின்றன. அவை நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்தபின், காற்று வேண்டாதவை பெருகுகின்றன. பெக்டினைக் கரைக்கும் நொதிகளை அவை வெளியிட, பட்டையின் மெல்லணுக்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிந்து கூழாகின்றன. நாரின் அணுக்களோ லிக்னின் சாந்தால் ஒட்டியிருப்பதால் பிரிவதில்லை. லிக்னின் அந்தப் பாக்டீரியாக்களுக்கு எளிதில் மசிவதன்று. பெக்டின் கரைய வேண்டும், லிக்னின் நிற்க வேண்டும்: சணல் நார் எடுக்கும் கலை முழுவதும் இந்த ஓர் இடைவெளியில் நடக்கிறது. புளி ஊற்றும் நேரத்தை அறிந்த அடுக்களைக் கலைக்கு இது மூத்த உறவு எனலாம்.

அந்த இடைவெளியோ குறுகியது. ஊறல் குறைந்தால் பட்டைத்துணுக்குகள் நாரோடு ஒட்டிக்கொண்டு வரும். ஆலையில் அது கழிவு. ஊறல் மிஞ்சினால் பாக்டீரியாக்கள் பெக்டினோடு நில்லாமல் செல்லுலோஸிலும் வாய்வைக்கத் தொடங்கும்; நார் பளபளப்பிழந்து, இழுத்தால் இற்றுவிடும். தண்டின் அடிப்பகுதியில் பட்டை தடிப்பு, நுனியில் மெலிவு. ஆகவே அடி ஊறும்வரை காத்திருந்தால் நுனி மிஞ்சிவிடும். எட்டாம் பத்தாம் நாள் தொடங்கி, உழவர் நாள்தோறும் நீரில் இறங்கி ஒரு தண்டை உருவி, பட்டையை விரலால் வழித்துப் பார்ப்பது இதற்காகவே. கருவியும் இல்லை, அட்டவணையும் இல்லை, விரல்தான். பதம் வந்த அன்று, வேறெந்த வேலை இருந்தாலும் விட்டுவிட்டு, இடுப்பளவு நீரில் நின்று தண்டை அடித்து நாரை உருவ வேண்டும். பிறகு சந்தையில் நாரின் வலிவு, நிறம், வேர்ப்பகுதி, குற்றங்கள் எல்லாம் பார்த்துத் தரம் பிரிக்கப்படும். ஓராண்டு உழைப்பின் விலை அந்த ஓரிரு நாட்களில் ஏறுகிறது அல்லது இறங்குகிறது.

நீரும் இதற்கு ஏராளமாக வேண்டும். ஒரு பங்கு செடிக்கு இருபது பங்கு நீர், அதுவும் தெளிந்த, மெல்ல ஓடும் நீர் இருப்பின் நலம் என்பர். மழை பிந்தும் ஆண்டுகளில் அவ்வளவு நீருக்கு எங்கே போவது? ஒரே குட்டையில் ஒருவர் பின் ஒருவராக ஊறப்போடுகிறார்கள். நீர் கறுக்கிறது, மீன் மடிகிறது. கட்டுகள் மிதக்காதிருக்க வாழைத்தண்டையும் மண்கட்டியையும் மேலே ஏற்றுவது பழைய வழக்கம். வாழையின் துவர்ப்பும் மண்ணின் இரும்பும் சேர்ந்து நாருக்கு மை பூசிவிடுகின்றன. பொன்னார் என்று புகழப்படும் சரக்கு சாம்பல் நிறமாகிச் சந்தையில் தரம் இறங்கிவிடுகிறது. உழவர் இதை அறியாதவர் அல்லர். மாற்றுப் பாரத்துக்குச் செலவு செய்யக் கையில் பொருள் வேண்டுமே!

கொல்கத்தாவுக்கு வடக்கே பாரக்பூரில் உள்ள மத்திய சணல் ஆராய்ச்சி நிலையத்தார் இவ்விடரை நன்கு ஆராய்ந்திருக்கின்றனர். பெக்டினையும், ஹெமிசெல்லுலோஸ் வகையாகிய ஜைலானையும் கரைக்கவல்லதும், செல்லுலோஸைத் தீண்டாததுமான பாக்டீரியா வகைகளைத் தேர்ந்து, பொடியாக்கி, 'கிரிஜாப் சோனா' என்னும் பெயரால் வழங்கினர். கட்டுகளை அடுக்கும்போது தூவினால் ஊறல் ஆறேழு நாட்கள் குறைகிறது. குறைந்த நீரிலும் நாரின் நிறம் தெளிகிறது. சுவரின் எந்தக் கல்லை உருவ வேண்டும் என்று தெரிந்த வேலையாளைத் தேர்ந்தெடுத்தது போன்றது இது. நம் நாட்டில் ஆய்வுக்கூடத்திலிருந்து வயலுக்கு வந்துசேர்ந்த நற்பொருள்களுள் இதற்கு உரிய புகழ் இன்னும் கிடைக்கவில்லை என்பது நம் கருத்து.

இங்கே ஒரு சிறு கிளைக்கதை. சுவரை இடிக்க வரும் பாக்டீரியாவுக்கும் சுவர் உண்டு! ஆனால் அது செல்லுலோஸால் ஆனதன்று. சர்க்கரைச் சங்கிலிகளைக் குறும்புரதத் துண்டுகள் குறுக்கே தைத்த ஒரு வலைச்சட்டை. காளானுக்கும் பூசணத்துக்கும் வேறொரு சுவர். இறால் ஓட்டில் உள்ள கைட்டின் அதில் இருக்கிறது. 1884-ஆம் ஆண்டில் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் என்னும் டென்மார்க்கு மருத்துவர், சாயம் ஏற்றிக் கழுவினால் சில பாக்டீரியாக்கள் நிறத்தைப் பற்றிக்கொள்வதையும் சில விட்டுவிடுவதையும் கண்டார். தடித்த வலைச்சட்டை உடையவை பற்றிக்கொண்டன. மெல்லிய சட்டையும் அதன்மேல் ஒரு புறச்சவ்வும் உடையவை விட்டுவிட்டன. அதே 1884-இல்தான், முந்திய டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்திருந்த இராபர்ட் காக் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர், காலராவின் வளைந்த கிருமியை இந்நகரில் பிரித்தெடுத்து அறிவித்தார். அது மெல்லிய சட்டை இனம்.

1928-இல் அலெக்ஸாண்டர் பிளெமிங் கண்ட பெனிசிலின் இந்த வலைச்சட்டையைத்தான் தாக்குகிறது. பாக்டீரியா வளரும்போது வலையைப் பிரித்துப் பிரித்துப் புதிதாகத் தைக்க வேண்டும். தைக்கும் ஊசியை மருந்து பிடித்துக்கொள்கிறது. தையல் விட்ட இடத்தில் உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி வெடிக்கிறது. நம் அணுவுக்கு அந்த வலையே இல்லாததால் நமக்குக் கேடில்லை. வீடுகளில் இதை அறிந்துவைத்திருப்பது நன்று. ஜலதோஷமும் சளிச்சுரமும் உண்டாக்கும் வைரஸுக்குச் சுவரும் இல்லை, அது அணுவும் இல்லை. அதற்குப் பெனிசிலின் இனத்து மாத்திரை கொடுப்பது, இல்லாத வீட்டுக்கு இடிப்பதற்கு ஆள் அனுப்புவதாகும். அந்த ஆள் சும்மா திரும்பமாட்டார். குடலில் நமக்கு நன்மை செய்துகொண்டிருக்கும் பாக்டீரியாக்களின் வீடுகளை இடிப்பார். எஞ்சித் தப்பியவை அவரை ஏய்க்கும் வித்தையைப் பரப்பும். மருத்துவர் எழுதாத மாத்திரையை, பக்கத்து வீட்டில் மிஞ்சியது என்று வாங்கிக் குழந்தைக்குக் கொடுக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் இன்னும் போகவில்லை.

நாருக்கு மீள்வோம். ஆலைக்கு வந்த சணலை அப்படியே நூற்க இயலாது. லிக்னின் அதை விறைப்பாக வைத்திருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தார், திமிங்கில எண்ணெயும் நீரும் தெளித்தால் நார் இளகும் என்று கண்டுகொண்டனர். அதன் பிறகே சணல் தொழில் அங்கே தழைத்தது. 1855-இல் ஜார்ஜ் ஆக்லண்டு என்பவர் ஹூக்ளிக் கரையில் ரிஷ்ராவில் முதல் நூற்பாலையை நிறுவினார். நாளடைவில் டண்டியையே கல்கத்தா விஞ்சியது. 1947-இல் நாடு பிரிந்தபோது, ஆலைகள் பெரும்பாலும் இங்கும், நல்ல சணல் விளையும் நிலத்தின் பெரும்பகுதி கிழக்கு வங்கத்திலுமாகப் போயின. மேற்கு வங்கத்தில் சணல் சாகுபடி விரிந்ததும், பாரக்பூர் நிலையம் போன்றவை வேரூன்றியதும் அந்நெருக்கடியின் விளைவே. நம் பகுதியிலிருந்து தொலைவில் இல்லாத ரீஜண்ட் பார்க்கில் 1939 முதல் நார்த் தொழில்நுட்ப ஆய்வுக்கூடம் ஒன்று இயங்கிவருகிறது. இன்று அது தேசிய இயற்கை நார்ப் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் என்று பெயர் பெற்றுள்ளது.

லிக்னின்தானே முரட்டுத்தன்மைக்குக் காரணம், அதை நீக்கிவிட்டால் சணலிலும் மெல்லிய ஆடை நெய்யலாமே என்று எவருக்கும் தோன்றும். மருந்துகளில் காய்ச்சி லிக்னினை முழுதும் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். எடுத்ததும் நார் இரண்டு மூன்று மில்லிமீட்டர்த் துகள்களாக உதிர்ந்துவிடுகிறது. பிடித்துவைத்திருந்த சாந்து போய்விட்டதே! செடியிலேயே லிக்னினைக் குறைத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. எக்ஸ் கதிர் பாய்ச்சி உண்டாக்கிய வெள்ளைச் சணல் வழித்தோன்றல் ஒன்றைப் பற்றி 2004-இல் பாரக்பூர் ஆய்வாளர்கள் விரிவாக எழுதினர். அதன் நாரில் லிக்னின் பாதியாகக் குறைந்திருந்தது, செல்லுலோஸ் கூடியிருந்தது. ஆனால் செடி நேராக நிற்கவில்லை. வளைந்து நெளிந்து வளர்ந்தது. வளர்ச்சி மெதுவாயிற்று, கணுவிடை குறுகிற்று, ஊறவைத்து எடுத்த நாரும் மிகக் குறைவு. இலைகள் வெயிலைக்கொண்டு உணவாக்குவதில் குறை ஏதும் இல்லை. குறை சுவரில்தான் இருந்தது. இந்தச் சிக்கலை இன்னும் எவரும் முழுதாக அவிழ்த்துவிடவில்லை.

1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அரசு கொள்முதல் செய்யும் தானியத்துக்குச் சணல் பையே முதல் உரிமை உடையது. அண்மை ஆண்டுகளில் தானியம் முழுவதும், சர்க்கரையில் ஐந்தில் ஒரு பங்கும் சணல் பையில் கட்டப்பட வேண்டும் என்று ஆணை இருந்துவருகிறது. இச்சட்டம் இல்லையேல் பிளாஸ்டிக் பையின் மலிவுக்கு முன் ஆலைகள் பலவும் நில்லா. பிளாஸ்டிக்கின் வசதியை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பிளாஸ்டிக் பையைத் தின்னும் வாய் மண்ணில் அரிது. கிழிந்த கோணியை ஈர மண்ணில் போட்டால், முதலில் கரும்புள்ளியாய்ப் பூசணம் படரும். பிறகு, லிக்னினையும் விடாது கரைக்கும் காளான் இனங்கள் வந்துசேரும். பாக்டீரியாவால் ஆகாததை அவை முடிக்கின்றன. சில மழைக்காலங்களில் அந்தச் சாக்கு மண்ணோடு மண்ணாகிவிடும்.

நார் உரித்தபின் எஞ்சும் வெண்ணிறத் தண்டும் வீணாவதில்லை. உள்மரத்தின் சுவர்களாகிய அதை வரிசையாகக் கூம்பு கூம்பாக நிறுத்தி வங்க உழவர் வெயிலில் காயவைப்பர். சில வீட்டுக்கு அது வேலி. சிலவற்றுக்கு அடுப்பெரிக்க விறகு. வெற்றிலைக் கொடிக்காலுக்கு நிழல் தட்டி. புரட்டாசி மாதத்தில் சாலையோரங்களில் இக்கூம்புகள் நிற்பதைக் காணலாம். நல்ல மழை பெய்த ஆண்டில் அருகிலேயே மூங்கில் கொடிகளில் பொன்னிற நாரும், மழை பொய்த்த ஆண்டில் சாம்பல் நிற நாரும் தொங்கும்.